பதினெட்டுத் தாள்

பிரிண்டரிலிருந்து வந்த தாள் ஈரமாக இருந்தது.

தாஜுன்னிசா அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். லேசர் பிரிண்டர் தாள் என்றால் கல்லிலிருந்து எடுத்த தோசை மாதிரி சூடாக வர வேண்டும். ஆறு வருஷமாக இந்தக் கடையில் உட்கார்ந்து அந்தச் சூட்டுக்கு விரல் நுனிகள் பழகிப் போனவள் அவள். இது ஜில்லென்று இருந்தது. ஒரு எழுத்துகூட விழாமல் வெள்ளையாக, ஓரமெல்லாம் ஊறித் தொங்கியது. முகர்ந்து பார்த்தாள். ஏரி வற்றும்போது கரையோரம் அடிக்குமே, அந்தச் சேற்று வாடை.

அவள் பிரிண்ட் எதுவும் கொடுத்திருக்கவில்லை.

ஐப்பசி அடைமழை. உத்திரமேரூர் பஜார் தெரு நாலு நாளாக நனைந்துகொண்டே இருந்தது. மழைக்காலத்தில் பேப்பர் நமத்துப்போவது கடைக்காரர்களுக்குப் புதிதில்லை என்று முதல் நாள் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் புதுக் கட்டைப் பிரித்து வைத்தாள். மூன்றாம் நாள் பிரிண்டரையே சுவரை விட்டுத் தள்ளி வைத்தாள். ஒன்றும் மாறவில்லை. சாயங்காலம் மக்ரிப் பாங்கு சொல்லி முடிந்து பத்து நிமிஷத்துக்குள் அது தானாக மூச்சு வாங்கும். உள்ளே உருளைகள் புரளும். ஒரு தாளை இழுக்கும், துப்பும். அதோடு சரி, அவள் எதைக் கொடுத்தாலும் பகலெல்லாம் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். இன்று நாலாவது நாள்.

சாலவாக்கத்துத் தாண்டவராயன் மத்தியானமே வந்துவிட்டுப் போயிருந்தார். அவருடைய அம்மாவுக்குக் கருமாதிப் பத்திரிகை நூற்றைம்பது அடிக்க வேண்டும்.

"காலைல மொத பஸ்ஸுக்கு வந்துருவேம்மா. கார்டு கைக்குப் போவலன்னா சொந்தக்காரன் ஒருத்தன் வாசல மிதிக்க மாட்டான். பெத்தவ காரியம், தள்ளிப்போட முடியாது, பாத்துக்க" என்று சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்தது. தாஜு தலையாட்டிவிட்டாள். அம்மாவைப் பறிகொடுத்த மனுஷனிடம் மிஷின் ரிப்பேர் என்று எப்படிச் சொல்வது?

பஸ் ஸ்டாண்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் வஹாப் வந்து பார்த்தான். இரண்டு நிமிஷத்தில் கையை உதறிவிட்டான்.

"இந்த லினக்ஸு எனுக்குத் தெரியாதுக்கா. மொத்தத்தயும் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுக்கினா ஒரு மணி நேரத்துல வேல முடிஞ்சிரும். இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு உனுக்கு?"

மொத்தத்தையும் அழிப்பது. அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். தாஜு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருப்பது எல்லாம் அவள் புருஷன் ஷகீல் வைத்துவிட்டுப் போனது. எழுத்துருக்கள், பார்டர் டிசைன்கள், பாதி செய்த கல்யாணப் பத்திரிகைகள், அவனுடைய பெயரில் அவன் மட்டும் திறக்கிற ஓர் அறை. அதன் கடவுச்சொல்லை அவன் அவளிடம் சொல்லவே இல்லை. கேட்கிற அவசியமும் அப்போது அவளுக்கு வரவில்லை.

லினக்ஸை இந்த ஊருக்குக் கொண்டுவந்த ஒரே ஆள் அவள் புருஷன்தான். காஞ்சிபுரத்தில் ஏதோ காலேஜில் பையன்கள் இலவசமாகக் கொடுத்த சிடியை ஜரிகைப் புடவை மாதிரி பத்திரமாகச் சுற்றி எடுத்துவந்தான். "மத்தவன் கடைல இருக்கிறதெல்லாம் திருட்டுக் காப்பி தாஜு. இது கேட்டு வாங்கினது. இதுதான் ஹலாலான கம்ப்யூட்டரு" என்று அவளைச் சீண்டுவான். ஏதாவது மாட்டிக்கொண்டால் சாயங்காலத்தில் மோடத்தைப் போட்டு, சென்னைப் பையன்கள் இருக்கும் அரட்டை அறைக்குப் போவான். பகலெல்லாம் எங்கோ வேலை பார்த்துவிட்டு, ஆறிலிருந்து எட்டுவரை ஒரு பைசா வாங்காமல் ஊரான் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்க்கும் பையன்கள்.

சிடி உறையின் மேல் அந்த அரட்டை அறைக்குப் போகும் வழி ஷகீல் கையெழுத்தில் இருந்தது. தாஜு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, மோடத்தைப் போட்டாள். கீச்சென்று கத்திவிட்டு இணைப்பு கிடைத்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் மெதுவாக அடித்தாள்.

"எஸ்.டி. டைப்பிங் சென்டர், உத்திரமேரூர். பிரிண்டர் தானா வெள்ளத்தாள் தள்ளுது. காலைக்குள்ள கருமாதி கார்டு அடிக்கணும். யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க."

மோகன் என்ற பெயரிலிருந்து உடனே பதில் வந்தது.

"உத்திரமேரூரா! ஷகீல் பாய் கடதானே? எங்கேக்கா அவரு, ஒரு வருஷமா ஆளையே காணோம்?"

தாஜுவின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

ஆளைக் காணோம். ஊரில் யாரும் அவளிடம் நேராகச் சொல்லாத வார்த்தையை எங்கோ இருக்கிற பையன் விளையாட்டாகக் கேட்டுவிட்டான். போன கார்த்திகை வெள்ளத்தில், பசை காயாத போஸ்டர் சுருளை டிவிஎஸ் ஃபிஃப்டியில் கட்டிக்கொண்டு ஷகீல் சாலவாக்கம் ரோட்டில் போனான். ஏரிக் கலங்கல் நிரம்பி ரோட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. மறுநாள் வண்டி கிடைத்தது, ஒரு பனைமரத்தில் சாய்ந்தபடி. ஆள் கிடைக்கவில்லை. பதினோரு நாள் தேடினார்கள். தண்ணீர் வடிந்த பிறகும் தேடினார்கள்.

மாமனார் அத்தாவுல்லா இன்றுவரை ஒரே பிடியாக நிற்கிறார். "எம் புள்ள உசுரோட கீறான்மா. மையத்தக் கண்ணால பாக்காம மையத்துன்னு சொல்ற வாய நான் தெச்சிருவேன்." அவளைப் பெற்றவளோ, இத்தா இருந்து முடித்துவிட்டால் பிறகாவது ஒரு வழி பிறக்கும் என்று அழுகிறாள். புருஷன் செத்த வீட்டில் பெண் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும். செத்தான் என்று தெரிந்தால்தானே இருப்பது? ஜமாத்துக்காரர்கள் பொறு என்றார்கள், தாலுகா ஆபீசில் செத்ததாகச் சான்று தர ஏழு வருஷம் ஆகும் என்றார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா, தெருவில் ஆளுக்கொன்று பேசினார்கள். அவள் கழுத்தில் நிக்காஹ் அன்று கட்டிய கருகமணி இருந்தது. அதைப் போட்டிருந்தால் ஒரு பேச்சு, கழற்றினால் ஒரு பேச்சு. இருதலைக் கொள்ளி எறும்பாகப் பதினோரு மாதம்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இருக்கிறாரா, இல்லையா. நல்லதோ கெட்டதோ, யாராவது வந்து அதைச் சொல்லிவிட்டால் போதும். கடைசியாக ஒரு தடவை முகம் பார்த்துவிட்டால் போதும். பக்கத்து வீட்டுக் கிழவர் செத்தபோதுகூடப் போர்த்தியிருந்த துணியை விலக்கி, பெண்டாட்டியைக் கூட்டிவந்து முகம் காட்டித்தான் எடுத்துப் போனார்கள். அந்தப் பாக்கியம் தனக்கு இல்லாமல் போனதை நினைத்து அவள் அழாத ராத்திரி இல்லை.

"வெளியூர் போயிருக்கார்" என்று அடித்தாள். எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அந்தப் பொய்க்கு அவள் விரல்கூடப் பழகியிருந்தது.

"சரிக்கா. நான் ஒரு வரி அனுப்புறேன். அப்டியே அடிச்சு, வர்றத எனக்குக் காட்டுங்க. பிரிண்டருக்காகக் காத்திருக்கிற வேலையெல்லாம் வரிசையா தெரியும்."

அடித்தாள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வேலை இருந்தது. இன்றைய தேதி. நேரம் ஆறு மணி நாலு நிமிஷம், அந்த ஈரத்தாள் வந்த நேரம். பதினெட்டுப் பக்கம். அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஷகீல் என்று இருந்தது.

கருமாதிக் கார்டு அடிக்கப் போன இடத்தில், கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது. அவளுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. மழைச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது.

"பாத்தீங்களா, நம்ம பாய்தான்!" என்று மோகன் எழுதினான். "போன ஊர்லேர்ந்தே அனுப்பிக்கினு கீறாரு போல."

"வெளியூர்லேர்ந்து அனுப்ப முடியுமா தம்பி?"

"ஏன் முடியாது? பாய் அதெல்லாம் செட் பண்ணி வெச்சிருப்பாரு. கெட்டிக்காரராச்சே."

தாஜு வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. எங்கோ ஓர் ஊர். அடிபட்டு, நினைவு தப்பி, யாரோ ஒருவர் வீட்டில். ஏதோ ஒரு கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, போன் நம்பர் மறந்து போய், இது ஒன்று மட்டும் ஞாபகம் வந்து. மாமா சொன்னது சரி. மாமா சொன்னது சரி!

"நிச்சயமா அவர்தானா தம்பி? எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

"சுலபம்க்கா. போன் வயரப் புடுங்குங்க. அதுக்கப்புறம் புதுசா ஒண்ணும் வரலன்னா, வெளியேர்ந்து அவர்தான் அனுப்புறாரு. வயர் இல்லாமயும் வந்துச்சுன்னா, அது மிஷினுக்கு உள்ளயே கெடக்குற பழைய வேல. வயரப் புடுங்கினா நானும் கட் ஆயிருவேன், அதனால ரெண்டு வரி எழுதி வெச்சுக்கங்க. மொத வரி எல்லாத்தயும் கேன்சல் பண்ணும். ரெண்டாவது வரி வெள்ளத்தாள சரி பண்ணும். வரிசைய மாத்திப் போட்ராதீங்க, கிடப்புல இருக்கிறதெல்லாம் பிரிண்ட் ஆயி பேப்பர் வீணாப் போயிடும்."

அவள் எழுதிக்கொண்டாள்.

"முடிஞ்சதும் திரும்பி வந்து சொல்லுங்க. பாய் வந்தா மோகன் கேட்டான்னு சொல்லுங்கக்கா."

அவள் வயரைப் பிடுங்கினாள்.

கடைக்குள் சத்தம் என்று இருந்தது டியூப்லைட்டின் ரீங்காரமும், ஷட்டர் தகரத்தில் மழை விழுகிற சத்தமும், சாக்கடையில் தண்ணீர் தொண்டை கரகரத்து ஓடுகிற சத்தமும்தான். ஈரப் பேப்பரின் வாடை, பழைய மைதா பசையின் புளிப்பு வாடை. தாஜு அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக்கொண்டு திரையையே பார்த்தாள். வரக்கூடாது. ஒன்றும் வரக்கூடாது. வராமல் இருந்தால் அவன் இருக்கிறான். ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம். அவளுக்கு மூச்சு மெல்லத் திரும்பியது. ஊர்ப்பட்ட நேர்ச்சைகளை எல்லாம் மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள்.

திரையில் ஒரு வரி கூடியது.

ஷகீல். பதினெட்டுப் பக்கம். ஆறு மணி முப்பத்தொன்பது.

வயர் அவள் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் அழவில்லை. பதினோரு மாதத்தில் எத்தனை தடவை இப்படி ஏறி ஏறி விழுந்தாயிற்று. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் ஒருவர் இருக்கிறாராம் என்பார்கள், தாமல் ஏரியில் ஒன்று ஒதுங்கியிருக்கிறது என்பார்கள், ஓடுவாள், யாரோ பெற்ற பிள்ளையாக இருக்கும். இதுவும் அதில் ஒன்று. பழைய வேலை. மிஷினுக்குள் கிடந்தது. அவ்வளவுதான்.

முதல் வரியை அடித்தாள். எல்லாவற்றையும் கேன்சல் செய்கிற வரி. அழுத்த வேண்டிய பொத்தான்மேல் விரல் போய் நின்றது, அழுத்தவில்லை. அவன் பெயர் போட்ட கடைசிப் பொருள் அது. செத்துப்போனானோ இல்லையோ, அவன் எதையோ அச்சடிக்க நினைத்திருக்கிறான். அதை அவள் கையால் அழிப்பதா? அது என்னவென்றுகூடப் பார்க்காமல்?

அடித்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். இரண்டாவது வரியை அடித்தாள். பேப்பர் வீணானால் ஆகட்டும்.

பிரிண்டர் மூச்சு வாங்கியது.

முதல் தாள் குப்புற வந்து விழுந்தது. திருப்பினாள். கறுப்பு வெள்ளையில் சேறு, அதில் வைக்கோல் மாதிரி ஏதோ நார். இரண்டாவது தாளில் மனிதப் பாதம் ஒன்று. உள்ளங்கால். ஊறி, சுருங்கி, வெளுத்த உள்ளங்கால். மூன்றாவதில் இன்னொன்று.

பதினெட்டு என்றால் என்னவென்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

காஞ்சிபுரத்துக்கு ஃப்ளெக்ஸ் பேனர் வந்தும் உத்திரமேரூருக்கு வராத காலம் அது. பெரிய போஸ்டர் கேட்டு வருபவர்களுக்கு ஷகீல் படத்தைத் துண்டு துண்டாக அடித்து, பசை தடவி ஒட்டிக் கொடுப்பான். ஓர் ஆள் உயரத்துக்குக் குறுக்கே மூன்று தாள், நெடுக்கே ஆறு. காலிலிருந்துதான் ஆரம்பிப்பான். "தலையிலேர்ந்து அடிச்சா கால் வர்றதுக்குள்ள மை தீந்துரும். தலை இல்லன்னா மை வாங்கக் காசு குடுப்பான், கால் இல்லன்னா எவன் குடுப்பான்?" என்று சிரிப்பான். கடைத் தரையில் அவன் கீழிருந்து மேலாகப் பரப்ப, அவள் எதிரில் மண்டி போட்டு ஓரம் பொருத்திக் கொடுப்பாள்.

இப்போதும் மண்டி போட்டாள். கை தன்னால் பரப்பியது. பாதம். அதற்கு மேல் கெண்டைக்கால், அதில் சுற்றிய கைலி. தொடைகள். இடுப்பு. வெள்ளைச் சட்டையின் முதுகு, சேறு அப்பிய முதுகு. ஒவ்வொரு தாளும் ஜில்லென்று, ஓரத்தில் நீர் சொட்டியபடி. பதினேழாவது தாளில் பின்னந்தலை வந்தது.

ஓர் ஆள் கடைத் தரையில் குப்புறக் கிடந்தான்.

தாஜு அந்தத் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பயம் வந்தது, வராமல் இல்லை. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று அவளுக்குள் பதினோரு மாதமாகக் கிடந்ததே. வெள்ளைச் சட்டை ஊரில் எல்லோரும்தான் போடுகிறார்கள். கைலி யார்தான் கட்டவில்லை? பின்னந்தலையைப் பார்த்து யாரை யார் என்று சொல்வது? இதை வைத்துக்கொண்டு மாமாவிடம் போய் என்ன சொல்வாள்? தனக்குத்தானே என்ன சொல்லிக்கொள்வாள்?

"இன்னாங்க" என்றாள் தாளைப் பார்த்து. "நீங்களா? நீங்கதானா? இப்டிக் குப்புறக் கெடந்தா எனுக்கு எப்டித் தெரியும்? ஒரே ஒரு வாட்டி வந்து மூஞ்சக் காட்டிட்டுப் போங்களேன். உங்களக் கெஞ்சிக் கேக்குறேன், ஒரே ஒரு வாட்டி."

சொல்லிவிட்டு அந்த ஈரத்தாள்மேல் நெற்றியை வைத்து அழுதாள். தாள் அவள் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

பின்னால் உருளைகள் புரண்டன.

அவள் நிமிர்ந்தாள். திரையில் இன்னொரு வரி. ஷகீல். பதினெட்டுப் பக்கம்.

முதல் தாள், சேறு. இரண்டாவது தாள், பாதம். அவள் அதைப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்தாள்.

விரல்கள் மேலே பார்த்திருந்தன.

உள்ளங்கால் இல்லை. விரல்கள். மேலே. மல்லாந்து கிடக்கிற ஆளின் கால்.

அவன் திரும்பிப் படுத்திருந்தான்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிரிண்டர் அவளுக்காக நிற்கவில்லை. தாள்மேல் தாள் குப்புற விழுந்தது. அவள் எடுத்தாள். பரப்பினாள். நிறுத்த முடியவில்லை அவளால். இடது கட்டைவிரலில் நகம் பாதிதான் இருந்தது, டிவிஎஸ் ஃபிஃப்டி கிக்கர் அடித்துப் போன நகம், அவள்தான் மஞ்சள் வைத்துக் கட்டினாள். முழங்கால். கைலி முடிச்சு. சட்டையில் இரண்டாவது பொத்தான் மட்டும் கறுப்பு. வெள்ளைப் பொத்தான் கிடைக்காமல் அவள் தைத்த கறுப்பு. பாக்கெட்டில் பேனா. தொண்டைக்குழி.

பதினேழாவது தாள் குப்புற வந்து விழுந்தது.

திருப்பினாள்.

ஷகீல்தான். மத்தியானத்தில் கடையின் மேஜைக்கடியில் பேப்பர் விரித்துத் தூங்குவானே, அதே முகம். கண் மூடியிருந்தது. கன்னம் கெடவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது, வாய் நிறையச் சேறு.

"இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்றாள்.

ஒருவர் இறந்தது தெரிந்தால் சொல்கிற வார்த்தை, பதினோரு மாதமாக யாரும் அவளைச் சொல்ல விடாத வார்த்தை அது. சொன்னதும் உடம்பிலிருந்து ஏதோ ஒன்று அறுந்து இறங்கியது. அழுதாள். ஆற்றாமையில் இல்லை, புருஷனைப் பறிகொடுத்தவள் அழுகிற அழுகை. தாளில் அவன் வாயை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பிறகு பின்கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய் கருகமணியைக் கழற்றி அவன் நெஞ்சுத் தாளின்மேல் வைத்தாள். இனி அவள் யார் என்பதில் சந்தேகம் இல்லை. ராத்திரி இஷா தொழுதுவிட்டு மாமா குடையோடு கூட்டிப்போக வருவார். அவரிடம் சொல்லிவிடலாம். இன்று ராத்திரியே இத்தா உட்கார்ந்துவிடலாம். அத்தனை சோகத்துக்கு நடுவிலும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

உருளைகள் மறுபடி புரண்டன.

மூன்றாவது தடவை.

"போதும்ங்க" என்றாள். "பாத்துட்டேன். போதும்."

முதல் தாள், சேறு. இரண்டாவது தாள், சேறு. மூன்றாவது தாள்.

பாதம் இல்லை.

சேற்றில் குதிகால் அழுந்திக் கிடந்த குழி மட்டும். அதில் தண்ணீர் நின்றது. அடுத்த தாளில் கெண்டைக்கால் கிடந்த பள்ளம். தொடை கிடந்த பள்ளம். முதுகு கிடந்த அகலமான பள்ளம். அவள் பரப்பவில்லை. தட்டில் தாள்கள் தாமாகச் சேர்ந்தன, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு சரிந்து, தரையில் விழுந்து, தாமாகப் புரண்டன. பதினேழாவது தாளில் ஒரு தலை அளவுக்குக் குழி. குழி நிறையத் தெளிந்த தண்ணீர்.

கிடந்த ஆள் அங்கே இல்லை.

திரையில் இன்னொரு வரி வந்தது. ஷகீல். எத்தனை பக்கம் என்கிற இடம் காலியாக இருந்தது.

ஒரு தாள் வந்தது. சேற்றில் ஒரு கால்தடம், இடது கால். அடுத்த தாள், வலது கால். மூன்றாவது தாளில் சேறு இல்லை, ஏரிக்கரையின் கருவேல முள்ளும் சரளையும், அதன்மேல் ஈரமாக ஒரு தடம். அடுத்தது தார் ரோடு. ஓரம் உடைந்த தார் ரோடு, ஈரத்தடம். தார் ரோடு. தார் ரோடு. ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் பிரிண்டர் ஒரு மூச்சு எடுத்தது. பிறகு அந்த மூச்சும் குறைந்தது.

வேகமாக வந்தன.

தார் ரோடு. பாலத்தின் சிமெண்ட். தார் ரோடு. பஸ் ஸ்டாண்டின் டீசல் படிந்த தரை. பஜார் தெருவின் சிமெண்ட் ரோடு, சாக்கடை மூடி, சிமெண்ட் ரோடு.

தாஜு எழுந்து நின்றாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முதுகு சுவரில் ஒட்டியிருந்தது. ஷட்டர் பாதிதான் இறங்கியிருந்தது. அடியில் இடுப்பு உயரத்துக்கு இருட்டும் மழையும். அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று கண்ணைப் பிரிண்டரிலேயே வைத்திருந்தாள். வந்து மூஞ்சக் காட்டுங்க என்று கேட்ட வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பொத்தியிருந்தாள். பதினோரு மாதம் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்த வாய்.

கடைசித் தாள் மெதுவாக வந்தது. உள்ளிருந்து யாரோ தள்ளிக் கொடுக்கிற மாதிரி, அங்குலம் அங்குலமாக. தட்டில் இடமில்லாமல் அவள் காலடியில் வந்து விழுந்தது. இந்தத் தடவை குப்புற விழவில்லை.

அதில் ஒரு கோணிச்சாக்கு இருந்தது. மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க அவள் சாயங்காலம் கடை வாசலில் போட்ட சாக்கு, மடித்துப் போட்ட மடிப்புகூட அப்படியே. அதன்மேல் தடம் இல்லை. பாதங்கள் இருந்தன. இரண்டு பாதங்கள், ஊறி வெளுத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, விரல்கள் கடைக்குள்ளே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தன.

பிரிண்டர் நின்றுவிட்டது. திரையில் வேலை எதுவும் பாக்கி இல்லை.

ஷட்டருக்கு அடியில், சாக்கிலிருந்து வடிந்த தண்ணீர் மெல்லத் தரையில் ஊர்ந்து வந்து, அவன் முகத்துத் தாளை நனைத்தது.